முதல் நல்ல வாட்ச்சைக் கோடை லீவுக்குக் கட்டிக்கொண்டு போவது எப்படி: செங்கோட்டையிலிருந்து வர்க்கலை வரை

பல வருஷம் காசு சேர்த்து ஆசையாக வாங்கிய வாட்ச்சைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, பழைய பிளாஸ்டிக் வாட்ச் ஒன்றைக் கட்டிக்கொண்டு லீவுக்குக் கிளம்புகிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. கேட்டால் "தண்ணி பட்டுரும், கீறல் விழுந்துரும், எவனாவது அடிச்சிட்டுப் போயிருவான்" என்பார்கள். மூன்றுமே நியாயமான பயம்தான், ஆனால் மூன்றுக்கும் வழி இருக்கிறது. ஆபீஸில் ஏசிக்குக் கீழே மணிக்கட்டில் கிடக்கும்போது அந்த வாட்ச்சுக்கு ஒரு வேலையும் இல்லை. அது எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த வெயிலும் தண்ணீரும் இருட்டும் பயணமும் கிடைப்பது கோடை லீவில்தான். ஆகவே கட்டிக்கொண்டு போங்கள். எங்கே கட்ட வேண்டும், எங்கே கழற்ற வேண்டும் என்பதை மட்டும் கிளம்பும் முன் தெரிந்துகொள்ளுங்கள்.

செங்கோட்டை, தென்காசிக்காரர்களுக்குக் கோடை என்றால் பெரும்பாலும் மலையைத் தாண்டுவதுதான். குற்றாலத்தில் சீசன் ஜூனில்தான் தொடங்கும், ஏப்ரல் மே மாதங்களில் அருவியில் பாறைதான் தெரியும். அதனால் புளியரை, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று இறங்கி, கொல்லத்தில் காயலையும் வர்க்கலையில் கடலையும் பார்த்துவிட்டுத் திரும்புவோம். அந்தப் பாதையை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர்

வாட்ச்சைத் திருப்பிப் பின்மூடியைப் பாருங்கள், இல்லையென்றால் டயலின் அடிப்பகுதியைப் பாருங்கள். 30 மீட்டர், 50 மீட்டர், 100 மீட்டர் என்றோ, 3 பார், 5 பார், 10 பார் என்றோ போட்டிருக்கும். 10 மீட்டர் ஆழத் தண்ணீரின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார், அதனால் இரண்டும் ஒன்றுதான். இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். 30 மீட்டர் என்று போட்டிருந்தால் 30 மீட்டர் ஆழத்துக்கு அதோடு போகலாம் என்று அர்த்தமில்லை. அசையாத நிலையில், புது வாஷரோடு, சோதனைக் கருவிக்குள் அந்த அழுத்தத்தைத் தாங்கியது என்றுதான் அர்த்தம். நடைமுறையில் 30 மீட்டர் என்றால் கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீர், திடீர் மழை, அவ்வளவுதான். கார்டியே டேங்க் மாதிரி ஒரு மெல்லிய டிரஸ் வாட்ச் உங்களுடையது என்றால் அதைக் கடற்கரையில் உட்கார்ந்து பார்க்கலாம், அலையில் இறங்கக் கூடாது. 50 மீட்டர் வாட்ச்சைப் பற்றிக் கம்பெனிக்குக் கம்பெனி வேறு வேறு மாதிரி சொல்வார்கள். ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் நிலாவுக்கே போன வாட்ச், ஆனாலும் அது 50 மீட்டர்தான், அதோடு நீச்சலடிக்க நான் சொல்ல மாட்டேன். 100 மீட்டர் இருந்தால், உதாரணமாக டிஸ்ஸோ பிஆர்எக்ஸ், தாராளமாக நீந்தலாம். டியூடர் பிளாக் பே 200 மீட்டர், ரோலெக்ஸ் சப்மரைனரும் ஒமேகா சீமாஸ்டர் டைவரும் 300 மீட்டர். இவற்றைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை.

இந்தக் கணக்கெல்லாம் வாஷர் நன்றாக இருந்தால்தான். அது ரப்பர், வருஷம் ஆக ஆகக் காய்ந்து இறுகும். வாங்கி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தாலோ, இடையில் யாராவது பின்மூடியைத் திறந்து பேட்டரி மாற்றியிருந்தாலோ, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் பிரஷர் டெஸ்ட் செய்துவிடுங்கள். பெரும்பாலும் காற்றழுத்தத்தை வைத்துச் செய்யும் சோதனை அது, வாட்ச்சைத் தண்ணீரில் போட வேண்டியிருக்காது. பெரிய ஊர்களில் உள்ள சர்வீஸ் சென்டர்களில் அந்தக் கருவி இருக்கும். முந்தின நாள் போய் நின்றால் ஆகாது, வாஷர் மாற்ற வேண்டியிருந்தால் நேரம் பிடிக்கும்.

அப்புறம் சாவி. சாவி கொடுக்கும் அந்தத் திருகுக்குமிழைத்தான் கிரவுன் என்கிறோம். நீச்சல் வாட்ச்களில் பெரும்பாலும் அது திருகி மூடுகிற வகையாக இருக்கும். ரோலெக்ஸ் 1926-ல் ஆய்ஸ்டர் என்ற பெயரில் இப்படித் திருகி மூடும் உறையைக் கொண்டுவந்தது. மறு வருஷம் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற ஆங்கிலேய நீச்சல் வீராங்கனை இங்கிலீஷ் கால்வாயில் நீந்தியபோது அதில் ஒன்றைக் கூடவே கொண்டுபோனார். மணிக்கணக்காகக் குளிர்ந்த கடலில் கிடந்தும் வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. சங்கதி என்னவென்றால், அந்தத் திருகு முழுசாக மூடியிருந்தால்தான் 300 மீட்டர். பாதி திறந்திருந்தால் பக்கெட் தண்ணீர்கூட உள்ளே போகும். தண்ணீரில் இறங்கும் முன் விரலால் ஒரு முறை திருகிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் நிற்கும்போது சாவியையோ பக்கவாட்டு பட்டன்களையோ தொடவே கூடாது.

அருவி மட்டும் வேண்டாம்

கடலுக்குச் சரி என்கிற நானே அருவிக்கு வேண்டாம் என்பேன், 300 மீட்டர் வாட்ச்சாக இருந்தாலும் வேண்டாம். தண்ணீர் உள்ளே போய்விடும் என்பதற்காக அல்ல. ஆரியங்காவுப் பக்கத்துப் பாலருவி சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. குற்றாலம் பேரருவியில் சீசன் நேரத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், கூட்டம் நெரிக்கும், பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி இருக்கும், பக்கத்தில் பாறை இருக்கும். வாட்ச் போய் இடிப்பது தண்ணீரில் அல்ல, கம்பியிலும் பாறையிலும்தான். வாரை இரண்டு பக்கமும் வாட்ச்சோடு பிடித்திருக்கிற ஸ்பிரிங் பின் ஒன்று தெறித்தால் அந்த இரைச்சலில் உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

அதோடு எண்ணெய். தலைமுதல் கால்வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்பதுதான் நம் ஊர் வழக்கம், அதை விட முடியாது, விடவும் வேண்டாம். ஆனால் அந்த எண்ணெய் செயினின் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் புகுந்து தூசியையும் மணலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். தோல் வாரில் ஒரு தடவை ஊறினால் அந்தக் கறுப்பு போகாது. எண்ணெய்க் குளியல் என்று முடிவு செய்த அன்றைக்கு வாட்ச் கையில் இருக்கக் கூடாது.

சரி, கழற்றினால் எங்கே வைப்பது? துணி மூட்டைக்குள் சுருட்டி வைப்பதும், செருப்புக்குள் திணிப்பதும், காரில் முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பதும் மூன்றும் தப்பு. குடும்பத்தோடு போனால் ஒருவர் எப்படியும் கரையில் நிற்பார். அவர் பையில் போடாமல் தன் கையிலேயே கட்டிக்கொள்ளட்டும். ஆள் மாறும்போது வாட்ச்சும் கை மாறும். தனியாகப் போகிறீர்கள் என்றால் அன்றைக்குத் தங்கும் அறை லாக்கரில் வைத்துவிட்டுப் போங்கள்.

காரைச் சொன்னேன் அல்லவா, ஏப்ரல் வெயிலில் மூடி நிறுத்திய காரின் டேஷ்போர்டு 60 டிகிரியைத் தாண்டலாம். வாட்ச் கம்பெனிகள் பலவும் அதற்கு மேல் வேண்டாம் என்றுதான் சொல்கின்றன. அந்தச் சூட்டோடு எடுத்துக் கட்டிக்கொண்டு குளிர்ந்த தண்ணீரில் குதித்தால், உள்ளே இருக்கிற சூடான காற்று சட்டென்று சுருங்கும், வாஷரில் சின்னக் குறை இருந்தாலும் வெளி ஈரத்தை உறிஞ்சும். வெயிலில் காய்ந்த வாட்ச்சுக்கு நிழலில் பத்து நிமிஷம் கொடுங்கள். ஹோட்டலில் சுடுதண்ணீர் ஷவர், நீராவிக் குளியல், ஆயுர்வேத மசாஜ், இந்த மூன்றுக்கும் கழற்றிவிடுங்கள்.

வாரை மாற்றுங்கள்

கேரளக் கோடையின் புழுக்கத்தில் தோல் வார் ஒரு நாளும் நல்லபடி தாங்காது. வியர்வையில் ஊறி நாற்றம் எடுக்கும், உள்பக்கம் வெடிக்கும். லீவுக்கு ரப்பர், அல்லது நைலான், அல்லது ஸ்டீல் செயின். வாட்ச்சில் வார் மாட்டும் இரண்டு கொம்புக்கும் நடுவே உள்ள அகலத்தை அளந்தால் 18, 20, 22 எம்எம் என்று ஏதாவது ஒன்று வரும், அந்த அளவில் வாங்குங்கள். மாற்றும் வேலையை வீட்டிலேயே, மெத்தென்ற துண்டு விரித்து, கொம்பின்மேல் டேப் ஒட்டிக்கொண்டு செய்யுங்கள். தங்கும் அறையில் இரவு விளக்கில் செய்தால் ஸ்பிரிங் பின் கட்டிலுக்கு அடியில்தான் கிடைக்கும்.

என் தேர்வு நேட்டோ ஸ்டிராப் என்று சொல்கிற ஒற்றை நைலான் வார். 1973-ல் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக அளவு குறிக்கப்பட்டது அது. வார் இரண்டு பின்களுக்கும் அடியில் ஓடி வருவதால் ஒரு பின் போனாலும் வாட்ச் கையில் தொங்கும். கொல்லத்துப் பக்கம் மன்றோ துருத்து என்கிற தீவில் வள்ளத்தில் உட்கார்ந்து காயல் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு போகிறபோது, அடியில் சேறும் ஆழமும் இருக்கிறபோது, அந்த நிம்மதியே போதும். விலையும் குறைவு, இரவில் அலசிப் போட்டால் காலையில் காய்ந்துவிடும்.

ஸ்டீல் செயின்தான் பிடிக்கும் என்றால், வெயிலில் மணிக்கட்டு வீங்கும் என்பதை நினைவில் வையுங்கள். காலையில் சரியாக இருந்தது மதியம் இறுக்கும். கொக்கியில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தால் ஒன்று தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள்.

கொசு விரட்டி கிரீமும் சன்ஸ்கிரீனும் தடவி, காய்ந்து, கையைக் கழுவிய பிறகுதான் வாட்ச். தென்மலைக் காட்டுப் பக்கம் கொசு விரட்டி இல்லாமல் முடியாது. ஆனால் சில கிரீம்களில் உள்ள டீட் என்கிற ரசாயனம் பிளாஸ்டிக்கையும் அக்ரிலிக் கண்ணாடியையும் சில வகை ரப்பரையும் அரிக்கும்.

கடலும் கறுப்பு மணலும்

வர்க்கலை பாபநாசத்தில் நீந்திவிட்டு வந்ததும் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: நல்ல தண்ணீரில் கழுவுவது. உப்புக் காய்ந்து படிகமாகும் முன், அன்றைக்கே. ஸ்டீல் துருப்பிடிக்காது என்பதெல்லாம் பேச்சுக்குத்தான், செயின் கண்ணிக்குள்ளும் பின் ஓட்டைக்குள்ளும் உப்பு தங்கினால் அங்கே அரிக்கும். சாவி மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் பிடித்து, டயலைச் சுற்றிச் சுழலும் பெசல் வளையம் இருந்தால் அதைத் தண்ணீருக்குள்ளேயே ஒரு சுற்று சுற்றி, மெல்லிய பழைய டூத் பிரஷ்ஷால் கண்ணிகளைத் தேய்த்து, பருத்தித் துணியால் துடையுங்கள். கடலோர லாட்ஜ்களில் குழாயில் வருவதே உப்புத் தண்ணீராக இருக்கலாம். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள், சந்தேகம் என்றால் குடிதண்ணீர் பாட்டிலில் ஒரு தம்ளர் ஊற்றிக் கழுவுங்கள்.

மணலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கொல்லத்துக்கு வடக்கே நீண்டகரை, சவரப் பக்கம் கடற்கரை மணல் கறுத்திருக்கும். இல்மனைட், சிர்கான், மோனசைட் எல்லாம் கலந்த கனிம மணல் அது. வாட்ச் கண்ணாடி சஃபையர் என்றால் மோஸ் அளவில் கடினம் 9, சாதாரண மணலான குவார்ட்ஸ் 7, சிர்கான் ஏழரை. ஆக, கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. ஸ்டீல் அதைவிட மென்மை, அதில் கண்டிப்பாகக் கோடு விழும். மணல் ஒட்டிய வாட்ச்சைத் துணியால் துடைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றி மணலைப் போக்கிவிட்டுத்தான் துடைக்க வேண்டும். உங்களுடையது டைட்டானியம் வாட்ச் என்றால் அந்தக் கறுப்பு மணலை ஒரு கை அள்ளிப் பாருங்கள். இல்மனைட்டிலிருந்துதான் டைட்டானியமே எடுக்கிறார்கள், சவரத்தில் அதற்கு ஆலையே இருக்கிறது.

இனி ரசிப்பது

இதற்காகத்தானே கட்டிக்கொண்டு போகச் சொன்னேன். செங்கோட்டையிலிருந்து கொல்லத்துக்கு ரயிலில் போங்கள். 1904-ல் மீட்டர் கேஜாகத் திறந்து, அகலப்பாதையாக மாற்றி 2018-ல் மறுபடி முழுசாகத் திறந்த பாதை. பகவதிபுரம் தாண்டினால் நீளமான குகை வரும். அதற்கு முன்னால் ஜன்னல் ஓரம் டயலை வெயிலில் கொஞ்ச நேரம் காட்டிக்கொண்டிருங்கள். குகைக்குள் நுழைந்ததும் முள்ளும் எண்களும் பச்சையாகவோ நீலமாகவோ எரியும் பாருங்கள், கடையில் கையால் பொத்திப் பார்த்ததற்கும் இதற்கும் ஒப்பீடே கிடையாது. பக்கத்து சீட்டுக் குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். இப்போதைய வாட்ச்களில் ஒளிரும் பூச்சு பெரும்பாலும் வெளிச்சத்தைச் சேமித்துத் திருப்பித் தரும் வகைதான், அந்தக் காலத்து ரேடியம் மாதிரிக் கதிர்வீச்சு எதுவும் இல்லை. ஒரு எச்சரிக்கை: ஸ்டேஷனில் ரயில் நகர ஆரம்பிக்கும் நேரத்தில் வாட்ச் கட்டிய கையை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிடாதீர்கள்.

டைவ் வாட்ச்சின் பெசல் வளையத்தைச் சும்மா திருகிக்கொண்டிருக்காமல் பயன்படுத்துங்கள். முக்கோணக் குறியைப் பெரிய முள்ளுக்கு நேரே வைத்தால், அதிலிருந்து எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று வளையமே சொல்லும். பிள்ளைகள் தண்ணீரில் எவ்வளவு நேரமாக நிற்கிறார்கள், தென்மலைப் பக்கத்துப் பழைய ரயில் பாலமான பதிமூணு கண் பாலத்தில் இறங்கிப் படம் எடுக்க டிரைவர் கொடுத்த கால் மணி நேரம் எவ்வளவு மிச்சம், இதற்கெல்லாம் போனை எடுக்க வேண்டியதே இல்லை.

குரோனோகிராஃப், அதாவது ஸ்டாப் வாட்ச்சும் சேர்ந்த வாட்ச், வைத்திருப்பவர்களுக்கு மலைப்பாதை ஒரு கொண்டாட்டம். டயலைச் சுற்றியுள்ள டாக்கிமீட்டர் எண்கள் ஒரு கிலோமீட்டர் கடக்க ஆகும் நொடியை வைத்து வேகத்தைச் சொல்லும், 45 நொடி என்றால் 80. ஆனால் அது பெரும்பாலும் 60-க்குக் கீழே காட்டாது, மலை ஏறும் வண்டியோ அதைவிட மெதுவாகத்தான் போகும். அதனால் கொல்லம்–திருமங்கலம் நெடுஞ்சாலையில் 200 மீட்டர் கல்லுக்குக் கல் அளந்து, வரும் எண்ணை ஐந்தால் வகுங்கள். 20 நொடி ஆனால் முள் 180-ல் நிற்கும், ஐந்தால் வகுத்தால் 36 கிலோமீட்டர் வேகம். ஓட்டுகிறவர் செய்யக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் செய்யட்டும்.

சின்ன முள்ளைச் சூரியனுக்கு நேரே காட்டினால், அதற்கும் 12-க்கும் நடுவே தெற்கு என்று சொல்லிக்கொடுப்பார்கள். நம் ஊரில் கோடையில் அதை நம்பாதீர்கள். செங்கோட்டை ஏறக்குறைய 9 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும், கணக்கு தலைகீழாகிவிடும். அதைவிட அருமையான ஒன்று இருக்கிறது. சித்திரைப் பிறப்பும் விஷுவும் வரும் அதே நாட்களில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், நட்டு வைத்த குச்சிக்கு நிழலே இருக்காது. ஆனால் 12 மணிக்கு அல்ல. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்குக் கணக்கிட்டது, நாம் அதற்கு மேற்கே ஐந்தே கால் டிகிரி தள்ளி இருக்கிறோம், டிகிரிக்கு 4 நிமிஷம். ஆக நமக்கு உச்சிவேளை 12.21-ஐ ஒட்டி வரும். வர்க்கலையில் இன்னும் இரண்டு நிமிஷம் பிந்தும். மொட்டை மாடியில் ஒரு குச்சியை நட்டுவைத்து, நிழல் சுருங்கி மறையும் கணத்தில் மணிக்கட்டைப் பாருங்கள். மெக்கானிக்கல் வாட்ச் ஒன்றை வைத்துக்கொண்டு செய்யக்கூடியவற்றில் இதற்கு நிகராக எனக்கு எதுவும் தோன்றவில்லை.

லீவில்தான் வாட்ச் எவ்வளவு முந்துகிறது, பிந்துகிறது என்று பார்க்கவும் பொறுமை இருக்கும். தினம் காலையில் ஒரே நேரத்தில் போனோடு ஒப்பிட்டு எழுதி வையுங்கள். துல்லியத்துக்காகக் கொடுக்கும் சுவிஸ் காஸ்க் சான்று பெற்ற இயந்திரத்துக்கு நாளுக்கு 4 நொடி பிந்தலாம், 6 நொடி முந்தலாம் என்பது அளவு. இரவில் டயலை மேலே பார்க்க வைத்தால் ஒரு மாதிரியும், சாவிப் பக்கம் மேலே இருக்கும்படி நிறுத்தி வைத்தால் வேறு மாதிரியும் ஓடும். எப்படி வைத்தால் பகலில் முந்தியதை இரவில் சரிக்கட்டுகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். திடீரென்று நிமிஷக்கணக்கில் முந்தினால் காந்தம் ஏறியிருக்கலாம். காந்தம் வைத்த போன் கவர், ஹேண்ட்பேக் பூட்டு, புளூடூத் ஸ்பீக்கர் பக்கத்தில் இரவு வைத்தீர்களா என்று யோசியுங்கள். கடையில் சில நொடியில் எடுத்துவிடுவார்கள்.

புனலூர், கொல்லம் பக்கம் வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் இல்லாத தெரு குறைவு, அவர்கள் வாட்ச்சைக் கவனிப்பார்கள். டீக்கடையில் யாராவது "சேட்டா, இது ஒரிஜினலாணோ?" என்று கேட்டால் சுருங்கிக்கொள்ளாமல் பேசுங்கள். விலையை மட்டும் சொல்ல வேண்டாம், எந்த ஹோட்டலில் தங்கியிருக்கிறீர்கள் என்றும் சொல்ல வேண்டாம். அவர் கையில் கிடக்கிற பழைய செய்கோவைக் காட்டச் சொல்லுங்கள், பேச்சு நீளும்.

கடைசியாகச் சில காரியங்கள்

பெட்டியும் பில்லும் வாரண்டி கார்டும் வீட்டில் இருக்கட்டும், அவற்றின் படமும் சீரியல் நம்பரும் போனில் இருக்கட்டும். தொலைந்தால் போலீஸ் புகாருக்கும் இன்சூரன்ஸுக்கும் அந்த நம்பர்தான் வேண்டும். வீட்டு இன்சூரன்ஸ் வைத்திருந்தால், விலை உயர்ந்த பொருள் வீட்டுக்கு வெளியேயும் அதில் அடங்குமா என்று கிளம்பும் முன்னே கேட்டுவிடுங்கள்.

கை அசைவில் தானே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் வாட்ச்சைக் கழற்றி இரண்டு நாள் லாக்கரில் வைத்தால் நின்றுபோகலாம், பல வாட்ச்களுக்கு 40 மணி நேரம் சொச்சம்தான் தாங்கும். சாவியை இருபது முப்பது சுற்று கொடுத்துவிட்டு நேரம் வையுங்கள். இரவு 9-லிருந்து அதிகாலை 3 வரை முள் இருக்கும் நேரத்தில் தேதியைத் தனியாக மாற்றாதீர்கள், பல இயந்திரங்களில் பல்சக்கரம் கெட்டுப்போகும்.

கண்ணாடிக்கு உள்பக்கம் பனி மாதிரிப் படிந்து, கொஞ்ச நேரத்தில் போகாமல் நின்றால் உள்ளே ஈரம் போய்விட்டது. அரிசிக்குள் புதைப்பது, ஹேர் டிரையர் காட்டுவது, வெயிலில் வைப்பது எதுவும் உதவாது. கடல் தண்ணீர் என்றால் லீவு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். திருவனந்தபுரமோ கொச்சியோ மதுரையோ, எது பக்கமோ அங்கே மறுநாளே கொண்டுபோங்கள். நாட்கணக்கில் தள்ளினால் உள்ளே துரு ஏறி, வாஷரோடு போகவேண்டிய செலவு இயந்திரம் மொத்தத்துக்கும் வந்துவிடும்.

இவ்வளவும் செய்தாலும் எங்கேயாவது ஒரு கீறல் விழும். ஊருக்குத் திரும்பியதும் பாலிஷ் போடக் கொடுக்காதீர்கள். பாலிஷ் என்பது கீறலை மறைப்பதில்லை, அதன் ஆழத்துக்குச் சுற்றியுள்ள உலோகத்தைத் தேய்த்து எடுப்பது. இரண்டு மூன்று தடவை போட்டால் கொம்பின் கூர்மையான விளிம்பு மழுங்கிவிடும், அது திரும்ப வராது. பிறகு எப்போதாவது சர்வீஸுக்குக் கொடுக்கும்போதும் "பாலிஷ் வேண்டாம்" என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், சொல்லாவிட்டால் சில இடங்களில் அவர்களாகவே போட்டுவிடுவார்கள்.